வெறுங் காகிதம் என்பாருக்கு

பசுமைக்குடில் வாயுக்களைக் குறைப்பதற்காக உலக நாடுகள் கூடிச் செய்துகொள்ளும் உடன்படிக்கைகள் அனைத்தும் ஏட்டுச் சுரைக்காய் என்பது இன்று படித்தவர்க்கும் படியாதவர்க்கும் பொதுவான அபிப்பிராயமாகிவிட்டது. கடத்தூர் வெற்றிலைச் சந்தையில் கொடிக்கால்காரர்கள் மழையைப்பற்றிப் பேசத் தொடங்கினாலும், தருமபுரியில் சுற்றுச்சூழல் தினத்தன்று ஒரு பேராசிரியர் மேடையேறினாலும், பேச்சு போய் முடிகிற இடம் ஒன்றுதான். பெரிய நாடுகள் ஆண்டுக்கொரு நகரத்தில் கூடுகின்றன. விமானத்தில் வந்து, கையொப்பமிட்டு, விமானத்தில் திரும்பி, மறுநாள் முதல் தம் வழக்கப்படியே கரியைக் கொளுத்துகின்றன. ஆகையால் ஆளுக்கொரு மரக்கன்று நடுவதே மெய்யான பரிகாரம், மற்றதெல்லாம் நாடகம். கேட்பவர்கள் தலையசைக்கிறார்கள், கன்றும் நடப்படுகிறது, அடுத்த ஆண்டு பெரும்பாலும் அதே குழியில் வேறொரு கன்று நடப்படுகிறது.

இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல நாம் முன்வரவில்லை. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரியோ டி ஜனீரோவில் பருவநிலை மாற்றம் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட நாள்தொட்டு, 2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில் முப்பதாம் மாநாடு கூடிய நாள்வரையில், நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பதால் உலகம் ஆண்டுதோறும் வெளியேற்றும் கரியமில வாயு, 1990இல் இருந்த அளவைவிட ஐந்தில் மூன்று பங்குக்குமேல் பெருகியிருக்கிறது. அப்போது காற்றில் பத்து இலட்சத்துக்கு 354 பங்காக இருந்த அவ்வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இவை பிரத்தியட்சமான உண்மைகள். ஆயினும், வாயு பெருகிற்று என்பது உண்மையாயிருக்க, அது பெருகியதால் உடன்படிக்கைகள் பயனற்றவை என்பது வெறும் அனுமானமே. எந்த நாடு எதற்குக் கட்டுப்பட்டது, கட்டுப்பட்ட நாடு என்ன செய்தது, கட்டுப்பட மறுத்த நாடு என்ன செய்தது என்ற மூன்று கேள்விகளையும் கேளாமல், எல்லா ஏடுகளையும் ஒரே கட்டாகக் கட்டிக் கிணற்றில் எறிவது விவகார ஞானமாகாது.

முதலில், நம் எதிர்வாதிகள் ஒருபோதும் பேச்சில் எடுக்காத ஓர் உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான் குப்பிகளிலும் நிரப்பப்பட்டுவந்த குளோரோ ஃபுளோரோ கார்பன் என்னும் வாயுக்கள், விண்ணில் ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். உற்பத்தியாளர்கள் அதை எள்ளி நகையாடினார்கள். 1985இல் தென்துருவத்துக்கு மேலே அப்படலம் வெகுவாக மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னதும், இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16ஆம் நாள், மாண்ட்ரியல் நகரில் ஓர் ஏடு எழுதப்பட்டது. அதில் யார், எதை, எந்த ஆண்டுக்குள், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது எண்ணால் எழுதப்பட்டிருந்தது. சேராத நாட்டோடு அந்தப் பொருள்களில் வியாபாரம் கூடாது என்றும் எழுதப்பட்டிருந்தது. ஏழை நாடுகளுக்குப் பத்தாண்டுத் தவணையும் தரப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் இந்தியாவும் சீனாவும் உடனே சேரவில்லை. செல்வர்கள் அரை நூற்றாண்டு அனுபவித்துவிட்டு நஞ்சென்று கண்டுகொண்ட ஒன்றை, இனிமேல்தான் குளிர்பதனப் பெட்டி வாங்கப்போகிற ஜனங்கள் சொந்தச் செலவில் ஏன் கைவிட வேண்டும் என்று அவை கேட்டன. அந்த ஆட்சேபம் நியாயமானது என்பதை ஒப்புக்கொண்டு, 1990இல் லண்டனில் கூடிய நாடுகள் ஒரு பொது நிதியை ஏற்படுத்தின. மாற்று இயந்திரத்துக்காகும் கூடுதல் செலவைச் செல்வ நாடுகள் அந்நிதியின் வழியே தருவதென்று முடிவாயிற்று. 1992இல் இந்தியா சேர்ந்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல நீண்ட பேச்சு வேண்டியதில்லை. உலக நாடுகள் யாவும் அவ்வேட்டில் ஒப்பமிட்டன. தடைசெய்யப்பட்ட பொருள்களில் நூற்றுக்கு 99 பங்கு ஒழிந்துவிட்டது. தென்துருவத்தின் மேலுள்ள படலம் ஏறத்தாழ 2066ஆம் ஆண்டில் 1980இல் இருந்த நிலைக்கு மீளும் என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். குளோரோ ஃபுளோரோ கார்பன் ஓசோனை அரிப்பதோடு நிற்பதில்லை. கரியமில வாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் தன்மையும் அதற்குண்டு. அதனால் ஓசோனுக்காக எழுதப்பட்ட அவ்வேடு, பருவநிலைக்காகப் பத்தாண்டு கழித்து எழுதப்பட்ட கியோட்டோ ஏட்டின் முதல் தவணை இலக்கைப் பார்க்கிலும் பன்மடங்கு வெப்பத்தைத் தடுத்திருக்கிறது. கடத்தூர்க் கடைவீதியில் இன்று ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்குகிறவர் அதன் பின்புறத்து ஒட்டுச்சீட்டைப் பார்த்தால், பெரும்பாலும் ஆர்–600ஏ என்று எழுதியிருக்கும். அவருடைய தகப்பனார் வாங்கிய பெட்டியில் இருந்த வாயு வேறு. இடையில் அந்த வாயுவை மாற்றியது எவருடைய மனசாட்சியும் அன்று, மாண்ட்ரியல் ஏடுதான்.

ஏட்டை மீறுவோர் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். ஒழிந்துபோனதாக எண்ணப்பட்ட ஒருவகை வாயு காற்றில் குறையவேண்டிய வேகத்தில் குறையவில்லை என்பதை 2018இல் அளவையாளர்கள் கண்டார்கள். கிழக்குச் சீனத்திலிருந்து கள்ளத்தனமாக அது வெளிவருகிறதென்று தெரிந்தது. ஊர் பேர் வெளிப்பட்டதும் சில ஆண்டுகளுக்குள் அது அடங்கியது. திருட்டு நடந்தது என்பதைக் கொண்டு சட்டம் பயனற்றது என்று வாதிப்பவர், அந்தத் திருட்டு எதனால் பிடிபட்டது என்பதையும் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறார்.

இனிக் கியோட்டோ. 1997 டிசம்பரில் எழுதப்பட்டு 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அந்த ஏடு, தொழில்வளம் மிக்க நாடுகள் மட்டும் 1990ஆம் ஆண்டு அளவினின்றும் சராசரி 5.2 விழுக்காட்டை 2008 முதல் 2012 வரையிலான தவணையில் குறைக்க வேண்டும் என்றது. கியோட்டோ தோற்றது என்பது இன்று குழந்தைகளும் ஒப்பிக்கும் பாடம். ஆனால் அதில் முழுதும் பங்குகொண்டு நின்ற 36 நாடுகளில் ஒன்றேனும் தன் கடமையில் தவறவில்லை. ஒன்பது நாடுகள் மட்டும் தம் எல்லைக்குள் முடியாமல் வெளியிலிருந்து வரவு வாங்கி ஈடுசெய்தன. சோவியத் நாடு சிதறி அங்கு ஆலைகள் மூடியதும், 2008இல் மேலைநாட்டுப் பொருளாதாரம் சரிந்ததும் இந்தக் கணக்குக்கு உதவின என்பதை மறைக்கக் கூடாது. அந்த உபகாரத்தை உடன்படிக்கையின் பெயரில் வரவு வைக்க நாம் துணியோம். ஆயினும், ஐரோப்பிய நாடுகள் 2005இல் தம் ஆலைகளுக்கு வாயு அளவை வரையறுத்துச் சந்தை ஒன்றை ஏற்படுத்தியதும், அதன் பின் அவற்றின் வாயு வெளியீடு மொத்தத்தில் இறங்குமுகமாகவே வந்திருப்பதும் சோவியத்தின் சரிவால் நேர்ந்தவையல்ல.

தவறியவர்கள் யார்? அமெரிக்கா கையொப்பமிட்டும் உறுதி செய்யவில்லை. கியோட்டோ கூடுவதற்கு ஐந்து மாதம் முன்னரே, இத்தகைய ஏட்டை ஏற்கலாகாது என்று அந்நாட்டுச் செனட் சபை 95 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றுமின்றித் தீர்மானித்துவிட்டது. கனடா ஆறு விழுக்காடு குறைக்க வேண்டியிருக்க, குறைப்பதற்கு மாறாகக் கூட்டிவைத்து, தவணை முடியுமுன்பே 2011 டிசம்பரில் விலகல் அறிவித்தது. கியோட்டோவுக்குப் பின் வந்த பாரிஸ் உடன்படிக்கையிலிருந்தோ அமெரிக்கா 2020இல் ஒருமுறை விலகி, 2021இல் திரும்பிவந்து, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகல் ஆணை பிறப்பித்தது. வெறுங் காகிதமென்றால் அதனிடமிருந்து இத்தனை பெரிய வல்லரசு இருமுறை ஓடவேண்டிய நிர்ப்பந்தம் என்ன? மதிக்கவேண்டாத பத்திரத்தை அலமாரியில் போட்டுவைத்தால் போதாதா? எண்ணெய்க் கம்பெனிகள் இந்த ஏடுகளை எதிர்க்கவும் மென்மையாக்கவும் முப்பதாண்டுகளாகப் பணம் செலவிட்டு வருகின்றன. அவர்களுக்குத் தெரிந்த காகிதத்தின் பலம் நம்முடைய மேடைப் பேச்சாளர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் வியப்பு.

காகிதத்தை அலட்சியம் செய்ய உரிமையுள்ளவர்கள் உலகில் எவரேனும் இருக்கலாம். காவிரிக் கரையை அடுத்து வாழும் நமக்கு அந்த உரிமை இல்லை. சென்னை இராஜதானியும் மைசூரும் காவிரி நீர்பற்றி 1892இலும் 1924இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், 1974க்குப் பிறகு எழுந்த வழக்கு, 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007 பிப்ரவரி 5இல் அது தந்த இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம் அதைத் திருத்தித் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் என்று நிர்ணயித்தது ஆகிய எல்லாம் காகிதத்தில்தான் இருக்கின்றன. ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளவுகோல் நட்டு, நாள்தோறும் எத்தனை கனஅடி வந்ததென்று குறித்துக்கொண்டிருக்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் சொன்ன தண்ணீர் வருவதில்லை, தகராறு எழுகிறது, இரு மாநிலத்திலும் பேருந்துகள் நிற்கின்றன. அதனால் அந்தத் தீர்ப்பைக் கிழித்தெறிந்துவிட்டு, ஆளுக்கொரு குடம் தண்ணீரைச் சிக்கனம் செய்வோம் என்று தமிழ்நாட்டில் எந்த விவசாயியாவது, எந்தக் கட்சியாவது சொன்னதுண்டா? 2023இல் பற்றாக்குறை வந்தபோது தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தின் வாயிலில் போய் நின்றது. கையில் இருந்தது ஓர் எண்ணும், அதற்கு எவ்வளவு குறைவு என்று சொல்லும் பிலிகுண்டுலுக் கணக்கும். அந்த எண் எழுதப்படாதிருந்தால் கேட்பதற்கு வாயிருந்தும் வழக்கிருந்திராது. கிணற்று நீரின் ஃபுளோரைடால் பல் கறுத்து எலும்பு வளைந்த நம் தருமபுரி மாவட்டத்தார் இன்று ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரைக் குடிப்பதற்கும் ஆற்றில் நமக்கொரு பங்கு உண்டென்று எழுதிவைக்கப்பட்டிருப்பதே ஆதாரம்.

எதிர்வாதிகளிடம் உள்ள சாட்சியங்களில் வலியது எது என்றால், அது நமக்கு அண்டையிலேயே, மேட்டூரில் இருக்கிறது. அதை அவர்கள் எடுத்துக்காட்டக் கேட்டதில்லை, நாமே காட்டிவிடுவோம். குளிர்பதனத்துக்குரிய ஹெச்.சி.எஃப்.சி–22 என்னும் வாயுவைத் தயாரிக்கையில் ஹெச்.எஃப்.சி–23 என்றொரு கழிவு வாயு பிறக்கிறது. ஒரு டன் கழிவு 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று கியோட்டோக் கணக்கில் மதிப்பிட்டார்கள். இதைச் சுட்டெரிக்கும் ஆலைக்கு அந்த மதிப்புக்கு ஈடான வரவுச் சீட்டு கிடைக்கும். அதை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு விற்கலாம். உலகில் இத்தகைய திட்டங்கள் 19 பதிவாயின, இந்தியாவில் ஐந்து, மேட்டூரிலுள்ள கெம்ப்ளாஸ்ட் சன்மார் ஆலையின் திட்டம் அவற்றுள் ஒன்று. எரிப்பதற்கு ஆகும் செலவோ சொற்பம், சீட்டு விற்ற வருவாயோ அதைப்போலப் பலமடங்கு. கழிவுக்கு இத்தனை விலையென்றால், கழிவு பிறக்கவேண்டும் என்பதற்காகவே சரக்கு தயாரிக்கும் ஆசை உலகில் எவருக்கும் எழாதா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள், கேள்வி நியாயமானது. விதிப்படி நடந்தவர்மீது குறைசொல்ல இடமில்லை. விதியே கோணலாக எழுதப்பட்டிருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2013 மே மாதம் முதல் ஐரோப்பியச் சந்தை இந்தச் சீட்டுகளை ஏற்க மறுத்தது. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் மாண்ட்ரியல் ஏட்டுக்கு ஒரு திருத்தம் எழுதப்பட்டது. அதன்படி அந்தக் கழிவை எரிப்பது விலைபெறும் புண்ணியமாக இல்லாமல் கட்டாயக் கடமையாயிற்று. அதே வாரத்தில் இந்திய அரசும் நம் ஆலைகள் தம் சொந்தச் செலவிலேயே அக்கழிவை எரிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பிழையான வாசகம் பிழையான விளைவைத் தந்தது. வாசகம் திருந்தியதும் விளைவும் திருந்தியது. வாசகத்தை மாற்றினால் ஆலையின் நடத்தையே மாறுகிறதென்றால், அந்த வாசகத்துக்குச் சக்தியில்லை என்று எப்படிச் சொல்வது?

இங்ஙனம் பார்க்கையில் பாரிஸ் உடன்படிக்கையின் குறையும் நன்கு புலப்படும். 2015 டிசம்பர் 12இல் ஏற்கப்பட்ட அந்த ஏட்டில் எந்த நாட்டுக்கும் எண் விதிக்கப்படவில்லை. கோயில் திருப்பணி நோட்டில் அவரவர் மனம்போல் நன்கொடை எழுதுவதுபோல, அவரவர் இலக்கை அவரவரே எழுதிக்கொடுக்கிறார்கள். கட்டாயம் இருந்தால் எவரும் வரமாட்டார் என்று அதற்குச் சமாதானம் சொன்னார்கள். கியோட்டோவின் இரண்டாம் தவணைக்காக 2012இல் தோஹாவில் எழுதிய திருத்தம், அந்தத் தவணை முடிகிற 2020 டிசம்பர் 31ஆம் நாளன்றுதான் அமலுக்கே வந்தது என்ற வேடிக்கையைக் கண்டவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நாம் இதை ஒரு வீழ்ச்சி என்றே கருதுகிறோம். ஆயினும் இத்தனை தளர்ந்த ஏடும் வீண்போகவில்லை. பாரிஸுக்கு முன்பு இந்த நூற்றாண்டின் இறுதியில் வெப்பம் 4 டிகிரியை ஒட்டி உயரும் என்ற கணக்கு, இப்போதைய நடைமுறைகளின்படி 2.8 டிகிரி என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அதுவும் பயங்கரமானதே, ஆனால் அந்த இடைவெளிக்குள் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. 2019 டிசம்பரில் நெதர்லாந்தின் உச்சநீதிமன்றம் தன் அரசாங்கம் 1990 அளவினின்றும் 25 விழுக்காடு குறைத்தே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டபோதும், 2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம், வனுவாட்டு என்னும் சிறு தீவு நாடு தொடங்கிவைத்த கேள்விக்கு விடையாக, நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டென்று கருத்துரைத்தபோதும், அவை இந்த ஏடுகளையும் ஆதாரமாகக் கொண்டே பேசின.

மரக்கன்றுக்கு வருவோம். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோ கரியமில வாயுவை உட்கொள்ளும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 600 மெகாவாட் அலகு ஒரு நாள் முழுதும் நிறைசுமையில் ஓடினால் வெளிவரும் வாயு பதின்மூன்று, பதினான்காயிரம் டன். அந்த ஒரே நாள் புகையை ஓராண்டில் விழுங்க ஏறத்தாழ ஏழு இலட்சம் மரங்கள் வேண்டும். நிழலுக்காகவும் மண்ணுக்காகவும் புளிக்காகவும் மாங்காய்க்காகவும் மரம் நடுவது உத்தமமான காரியம். அரசாங்கங்கள் தமக்குள் செய்யவேண்டிய பேரத்துக்குப் பதிலாக அதை நிறுத்துவது, பள்ளிப் பிள்ளைகளின் தோளில் உலக்கையை ஏற்றுவதாகும்.

இன்னொரு கூட்டத்தார் தேசாபிமானத்தின் பெயரால் வருகிறார்கள். அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் வெளியிட, இந்தியர் ஒருவர் சுமார் 2 டன்னே வெளியிடுகிறார்; ஆகையால் இந்த ஏடுகள் நம்மை ஏமாற்ற வந்த சூழ்ச்சி என்கிறார்கள். கணக்கு முற்றிலும் சரி, முடிவு தலைகீழ். வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறண்டவை என அறிவிக்கப்பட்டதையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நம் அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதையும் கண்ட ஊர்கள் இவை. ஒவ்வொரு வறட்சியையும் ஒவ்வொரு வெள்ளத்தையும் புகையின் கணக்கில் எழுதுவது விஞ்ஞானமாகாது; ஆனால் ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் காற்று ஏழு விழுக்காடு கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும், ஆகவே கொட்டினால் கனத்துக் கொட்டும் என்பது விஞ்ஞானம். குறைவாகப் புகைத்து நிறைய அனுபவிக்கப் போகிறவர்கள் நாம். அதற்கு ஈடு கேட்க நமக்குள்ள வழி எது? பீரங்கியா, பணமா? பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்று 1992ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவில் எழுதியிருக்கிறதே, அதைத் தவிர வேறொன்றுமில்லை. 2009இல் கோபன்ஹேகனில் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகச் சொன்னது இரண்டாண்டு தாமதித்து 2022இல்தான் நிறைவேறியது என்றும், 2024இல் பாகுவில் 30,000 கோடி என்று தீர்மானித்தபோது இந்தியப் பிரதிநிதி அது போதாதென்று ஆட்சேபித்தார் என்றும் நமக்குத் தெரிவதே, அத்தொகைகள் எழுத்தில் இருப்பதால்தான்.

ஏடு இல்லாத உலகம் எப்படியிருக்கும் என்பதற்கு மாதிரி வந்துவிட்டது. 2026 ஜனவரி முதல் நாள்தொட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் முதலியவற்றின்மீது, அவற்றைச் செய்கையில் வெளிவந்த வாயுவுக்கேற்ப ஐரோப்பிய ஒன்றியம் எல்லையிலேயே தீர்வை விதிக்கிறது. சேலம் வட்டாரத்து உருக்காலைகளுக்கு இது தூரத்து விஷயமன்று. மாண்ட்ரியலிலும் வியாபாரத் தடை இருந்தது. ஆனால் அதை எல்லா நாடுகளும் கூடி எழுதின. ஏழைக்குத் தவணை இருந்தது. மாற்றத்துக்கு நிதி இருந்தது. இங்கே விதியும் பிரஸ்ஸல்ஸில் எழுதப்படுகிறது, தீர்வையும் ஐரோப்பியக் கருவூலத்துக்கே போகிறது, தவணை கேட்கவும் நிதி கேட்கவும் மேசை இல்லை. கூடி எழுதும் ஏடு தளரத் தளர, வல்லவர் தனியே எழுதும் விதி வலுக்கிறது. உடன்படிக்கைகளை எள்ளி நகைக்கும் நம்மவர், தாம் அறியாமலே அந்த வல்லவர் பக்கம் நின்று கைதட்டுகிறார்கள். இந்தியா இந்தத் தீர்வையை எதிர்த்து வாதாடுகிறது. அந்த வாதத்துக்கு அது எடுத்துக்காட்டும் ஆதாரம் ரியோவில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட உடன்படிக்கையின் அதே மூன்றாம் பிரிவுதான்.